யார் பார்த்தது?

என் மேசைக்கு மூன்று வார்கள்.
மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முட்டிக்கு மேல் ஒன்று.
எழுபது டிகிரி நிமிர்த்திவிட்டு
பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன்.
ஒருவர் மயங்கிச் சாயக் காத்திருப்பது
என் உத்தியோகம்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
நின்று வளர்ந்தவளுக்கு
நாற்பது நிமிடம் ஒரு பொருட்டில்லை.

இந்த அறைக்கு வருவதற்குள்
மயக்கம் பல பெயர் வாங்கியிருக்கும்.

டெல்பினாவுக்குப் பதினாறு.
ராயபுரத்தில் பள்ளிக்கூட வெயிலில் நின்று சரிந்தவள்.
காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றார் டீச்சர்.
குழாயடியில் வேறு கணக்குப் போட்டு
நாள் எண்ணினார்கள்.
அதற்குச் சற்று முன் என்ன என்று
ஒருவரும் கேட்கவில்லை.
'வேர்த்துச்சுக்கா. காது அடைச்சிடுச்சு.
கிரவுண்டு அப்படியே வெளுத்துப்போச்சு,
சாயம்போன யூனிபார்ம் மாதிரி.'
ரத்தம் காலிலேயே தங்கிவிட்டது, பெண்ணே.
நெஞ்சு வேகத்தைக் குறைத்துக்கொண்டது.
கிடத்திய மறுகணம் தலைக்குத் திரும்பியது.
வேறொன்றுமில்லை என்று
அந்தக் குழாயடிக்கும் ஒரு சீட்டு
எழுதித் தர முடிந்தால்.

தேசப்பன், காசிமேடு, மீன் ஏலம்.
வஞ்சிரத்துக்கு விலை கூவும்போது
இருமல் பிடித்து, இருமி, இருமி,
ஐஸ் பெட்டி மேல் விழுந்தார்.
கையும் காலும் நாலு வெட்டு வெட்ட
யாரோ சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணிக்க
ஒரு வருஷம் வலிப்பு மாத்திரை தின்றார்.
எங்கள் டாக்டர் அவரை விட்டுவிட்டு
மச்சானைத்தான் விசாரித்தார்.
கண் திறந்ததும் ஆளை அடையாளம் தெரிந்ததா?
'ஆளா? எழுந்ததும் எவ்ளோக்குப் போச்சுன்னு
விலையைத்தான் சார் கேட்டான்.'
டாக்டர் சிரித்துவிட்டு
இருமல் எங்கிருந்து வருகிறது என்று
பீடியை வெளியே எடுக்கச் சொன்னார்.

ரஹமதுல்லா பாய்க்கு எழுபத்திரண்டு.
தொழுகை முடிவில் சலாம் சொல்ல
வலது தோள் பக்கம் திரும்புகையில்
இரண்டு தடவை விழுந்திருக்கிறார்.
இடப்பக்கம் திரும்பும்போது ஒன்றுமில்லை.
டாக்டர் முதலில் கழுத்தில் ஸ்டெத் வைத்துக் கேட்டார்.
பிறகு இரண்டு விரலால், மெதுவாக, தாடைக்குக் கீழ்.
திரையில் ஐந்து விநாடி
அலையே இல்லை.
ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று
அறையில் யாரையும் கேட்காதீர்கள்.
அவர்தான் முதலில் பேசினார்:
'என்னம்மா, கரண்ட் போச்சா?'

அப்புறம் அபரஞ்சி.
வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
தாடையில் தையல். தனி ஆள்.
ஈசிஜி சரி. எக்கோ சரி. சர்க்கரை சரி.
படிவத்தில் ஒரு வரி உண்டு,
நேரில் பார்த்தவர்.
'யாரு இருக்கா? டிவிதான் ஓடினு இருந்துச்சு.'
எவ்வளவு நேரம் கிடந்தீர்கள்?
யோசித்தாள்.
'உழும்போது ஒரு சோப்பு வெளம்பரம்.
எழும்போதும் அதே பொண்ணு
அதே துணியை அலசினு இருந்தா.'
டாக்டர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.
இவ்வளவு துல்லியமான சாட்சி
அந்த வாரம் வேறு வரவில்லை.

வார் போட்டேன். நிமிர்த்தினேன்.
இருபதாவது நிமிடம் நாக்கடியில் மருந்து.
இருபத்தாறில் கொட்டாவி.
உதட்டில் சாம்பல்.
பிரஷர் அறுபது, நாடி முப்பத்தெட்டு,
தலை என் பக்கம் தொங்கியது.
மேசையை மட்டமாக்கி, காலை உயர்த்திப் பிடித்து
அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் திறந்தாள்.
'இதேதான். இதேதான் எனக்கு.'
பிறகு, சின்னக் குரலில்,
'அசிங்கமா எதுனா பண்ணேனா?'
கொட்டாவி விட்டீங்க, அவ்வளவுதான்.
'வேற?'
எட்டு விநாடி. இடது கை லேசாகத் துடித்தது.
முகம் வெளுத்து, திரும்பச் சிவந்தது.
'வேற?'
கதை கேட்பதுபோல் கேட்டாள்.
முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.

காலியாக இருந்த வரியில்
என் பெயரை எழுதினேன்.
அது அங்கே எழுதுவதற்கான இடமில்லைதான்.
டாக்டர் பார்த்தார், அடிக்கவில்லை.

வெளியே அடுத்தவர்.
லாரி டிரைவர். ஊசியைக் கண்டால் ஆகாதாம்.
வாரைத் துடைக்கும்போதே
அவர் நெற்றி மினுமினுத்தது.