பதிப்பு வரலாறு

துலூத்தில் பிப்ரவரி.
உறைந்த ஏரியின் மேல் கூடாரம் போட்டு
துளையில் தூண்டில் விட்டுக் காத்திருக்கிறார்கள் மனிதர்கள்.
நான் சமையலறையில்,
நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளோடு.
ஏழாம் வகுப்பு. எல்லோருக்கும் ஒரே கேள்வி:
பள்ளி இன்னும் தாமதமாகத் தொடங்கலாமா?

சிவப்புப் பேனாவுக்காக நான் அழவில்லை.
என் எழுத்து கோழி கிளறியது;
பிள்ளைகள் வாசிக்க முடியாமல்
தலையை மட்டும் ஆட்டினார்கள்.
இப்போது ஒரு கருத்துப் பெட்டி.
மூன்றைத் தட்டினால் 'இன்னும் விவரம் தேவை'.
ஏழைத் தட்டினால் 'அருமையான தொடக்கம்!'
ஆச்சரியக்குறியை அதுவே போட்டுக்கொள்ளும்,
நான் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

பக்கத்து அறை டெர்ரில்
ஒரு வகுப்பை நாற்பது நிமிடத்தில் முடிக்கிறான்.
'லோர்னா, நீ ஏன் அதையெல்லாம் வாசிக்கிறாய்?' என்கிறான்,
பாதி விளையாட்டாய்.
மீதிப் பாதியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஓரின் சுண்ட்வால், நான்காம் பிரிவு, ஜன்னலோரம்.
மூன்று பத்தி. முன்னுரை, காரணம், முடிவுரை.
தண்ணீர் போலத் தெளிவு,
தண்ணீர் போலவே ருசி.
'தூக்கம் முக்கியம் என்று ஆய்வுகள் கூறுகின்றன.'
ஒழுங்கமைப்பு: நான்கு. இலக்கணம்: நான்கு.
குரல்: இரண்டு.
விரல் தானாக மூன்றாம் எண்ணுக்குப் போனது,
எங்கோ தவறித் தட்டியது.

பதிப்பு வரலாறு திறந்தது.

சின்ன அம்புக்குறியை அழுத்தினால்
கட்டுரை பிறந்த விதம் படமாக ஓடும்.
சொற்கள் வந்தன, போயின,
ஒரு காற்புள்ளி மூன்று முறை வீடு மாறியது.
பிறகு, செவ்வாய் இரவு ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு,
ஒரே மூச்சில் இது:

'நான் நாலு பத்துக்கு எழுந்திருப்பேன் ஏன்னா அம்மா கார்
குளிரில் உயிரை விட்டுடும் நான் போய் ஸ்டார்ட் பண்ணி
சூடாகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்
ரேடியோவில் கப்பல்களுக்கு வானிலை சொல்வார்கள்
இப்போ கப்பலே கிடையாது இருந்தாலும் சொல்வார்கள்'

முற்றுப்புள்ளி இல்லை.
அடியில் ஒரு நீலக் கோடு நெளிந்தது:
இந்த வாக்கியம் தலைப்போடு பொருந்தாமல் இருக்கலாம்.
நாற்பது நொடி ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு பின்னாலிருந்து, எழுத்தெழுத்தாக,
அவன் அதை அழித்தான்.
கடைசியாகப் போனது 'நான்'.

அந்த நீலக் கோட்டை இயக்கி வைத்தது நான்தான்.
ஆகஸ்டில், பயிற்சி நாளில், இலவச டோனட்டைத் தின்றுகொண்டே.

மதிப்பீட்டு அட்டவணையில் தேடினேன்.
அழித்ததற்கு மதிப்பெண் போட அதில் கட்டமில்லை.
இன்னொன்றும் தாமதமாக உறைத்தது:
அவன் குப்பைக்கூடைக்குள் கை விட்டிருக்கிறேன்.
எனக்குக் காட்ட வேண்டாமென்று அவன் முடிவெடுத்ததை
'எவ்வளவு அழகு' என்று எப்படித் திருப்பி நீட்டுவது?
பன்னிரண்டு வயதுக்குக்
கதவென்று இருப்பதே அந்த அழிக்கும் பொத்தான்தானே.

ஐந்து முறை எழுதி ஐந்து முறை அழித்தேன்.
(என் வரலாற்றை யார் ஓட்டிப் பார்க்கிறார்களோ.)
கடைசியில் பெட்டியில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
'நீ எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?'

வியாழன், மதிய உணவு வேளையில் பதில்:
'4:10'.
உடனே 'தீர்க்கப்பட்டது' என்ற பொத்தான்.
என் கேள்வி சுருண்டு ஓரத்தில் மறைந்தது.

கப்பல்கள் திரும்பவில்லை. அம்மாவின் காரும்தான்.
ஆனால் ஆய்வுகள் கூறுவதற்கு முன்னால்
புதிதாய் ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது:
'எங்கள் தெருவில் நாலு பத்துக்கு
எந்தெந்த ஜன்னலில் விளக்கு எரியும் என்று எனக்குத் தெரியும்.'

நீலக் கோடு மறுபடி நெளிந்தது.
அதை அணைத்தேன், நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்.
டெர்ரிலிடம் சொல்லவில்லை.

குரல்: மூன்று.
நான்கு போட விரல் துடித்தது, போடவில்லை.
அவனிடம் இன்னும் வானொலி இருக்கிறது.
வகுப்புச் சராசரி அசையவே இல்லை.
காபி ஆறிவிட்டது. மீதி எழுபத்தொன்று.