முழங்கால் கடல்

தாலினில், ஸ்ட்ரோமி கடற்கரையில்,
இறங்கியதும் கடல் ஆளை எடுத்துக்கொள்ளாது.
கணுக்கால். கெண்டைக்கால்.
பிறகு வெகுநேரம்
முழங்கால்தான்.

ஷிப்ட் முடிந்து பஸ் டிரைவர் சட்டையோடு வந்த ஊர்வே
செருப்பைக் கையில் பிடித்து நடந்துகொண்டே இருக்கிறாள்.
இரவு மணி ஒன்பதரை.
எழுந்து போக மனமில்லாத விருந்தாளியாய்
வெயில்.

உடைமாற்றும் தகரத் தடுப்புக்குக் கீழே
யாருடையவோ வெளுத்த பாதங்கள்
ஈர ஜட்டியோடு மல்லுக்கட்டுகின்றன.

"ஆழம் வந்ததா?"
கரையிலிருந்து ரஷ்ய மொழியில் கத்துகிறார் கெனாதி,
பிளாஸ்க் மூடியில் தேநீர்.
"இன்னும் இல்லை", எஸ்தோனிய மொழியில் அவள்.
பதினோரு வருஷமாக ஒரே மாடிப்படி.
ஒருவர் பாஷையை மற்றவர் பேசியதில்லை,
புரியாமல் போனதும் இல்லை.

சரக்குக் கப்பலொன்று
கடந்து மறைந்து, மறந்தும் போன பிறகு
அதன் அலை வருகிறது, சின்னதாக.
முழங்காலுக்கு மேல்
ஒரு விரற்கடை நனைகிறது.

திரும்பிப் பார்க்கிறாள்.
தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்,
தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி:
இவ்வளவா?

கொஞ்சம் யோசிக்கிறாள்.
பிறகு கையை உயர்த்தி
கழுத்தைக் காட்டுகிறாள்.