ஆறில் நிற்கும் பச்சை

புந்தா அரெனாஸில் ஜூலை மாதம்
ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.
ஜலசந்திக் காற்று ஜன்னலை உலுக்க
பிள்ளைகளின் முகங்களைத் திறந்து உட்காருவேன்.
கன்னத்தில் சிவப்பு கூடுதலாய்த் தெரியும்.
இறக்குவேன்.
இன்னும் கொஞ்சம்.
அச்சு சாண்டியாகோவில்; ஆல்பம்
அங்கிருந்து நேரே அவர்கள் வீட்டுக்கு.

"இவோனின் நிறம்" என்றார்கள் ஊரில்.
எனக்கோ அது வெறும் சரியான நிறம்.
ஆனாலும் வானொலிப் பையன் கேட்டபோது
பாசி, உறைபனி, தென்கோடி வெளிச்சம் என்று
வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

போன செவ்வாய் மானிட்டர் செத்தது.
புதியதில் திறந்தால்
மூன்று வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும்
தண்ணீருக்கடியில் நின்று சிரிக்கிறார்கள்.
மிலென்காவின் முன்பல்
ஊறவைத்த பாசிப்பயறு.
சிவந்து கிடந்தது பழைய திரை;
அதற்கு வைத்தியம் பார்ப்பதாக எண்ணாமலே
குழந்தைகளுக்கு மருந்து ஊற்றியிருக்கிறேன்.

இரவெல்லாம் திருத்தி
மிலென்காவை அவள் அம்மா யாஸ்னாவுக்கு அனுப்பினேன்,
மன்னிப்போடு.
காலையில் பதில்:
"அழகான பிள்ளை. யாருடையது?"

இப்போது கண் தெளிந்த திரைமுன் உட்கார்ந்து
தெரியாமல் செய்ததைத்
தெரிந்து செய்யப் பார்க்கிறேன்.
பச்சை ஏழென்றால் காய்ச்சல்காரப் பிள்ளை.
ஐந்தென்றால் எதிர்த்தெரு ஸ்டுடியோ.
ஆறில் நிறுத்தி
எழுந்து போய் அடுப்பில் கெட்டில் வைத்துவிட்டு
வாசற்படியிலிருந்து,
அந்நியள் மாதிரி,
சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

பல் தெரிகிறது.
பயறு இல்லை.
இன்னும் தண்ணீர்தான்,
முழங்கால் அளவு.