பிரிக்க எதுவும் இல்லை

எத்திராஜுலு சார் சிபியூவை
ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.
சீட்டில் வைத்தால் குலுங்குமாம்.
கல்மண்டபம் ரோட்டில் மடியும் குலுங்கியிருக்கும்.
சொல்லவில்லை.

ராயபுரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில்
முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர்.
நேற்றுக் காலை நீலத் திரை.
மச்சினன் பையன் வந்து
"புதுசா விண்டோஸ் போட்டுடலாம் மாமா" என்று
பாதி ராத்திரி வரை உட்கார்ந்து
கொட்டாவியோடு போய்விட்டானாம்.

"உள்ள ஒரு பாகப்பிரிவினை இருக்கும்மா ஜெசிந்தா.
கொருக்குப்பேட்டை வீடு. நாலு பங்காளி.
நாளைக்குப் பத்தரைக்கு டோக்கன்.
நாலு பேரும் ஒரே நாள்ல சரின்னு தலையாட்டுனது
இதான் முதல் தடவை."

பேக்கப்?
சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார்.
செருகிப் பார்த்தேன்.
பத்திரம் ஒன்றும் இல்லை, விண்டோஸ் இருந்தது.
பையன் இன்ஸ்டால் செய்யக் கேட்டபோது
கையில் கிடைத்த பென்டிரைவைக் கொடுத்திருக்கிறார்.

மூடியைக் கழற்றினேன்.
தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு,
கேபிள் முனையில் கடல் காற்றின் பச்சை.
ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டி
டிஸ்க்கின் மேல் விரலை வைத்தேன்.
சுற்றுகிறது. டிக் டிக் என்று தட்டவில்லை.
சாகிற டிஸ்க் தட்டும்.

திரை கேட்டது, எங்கே நிறுவ வேண்டும்?
கீழே வெள்ளைக் கட்டம்.
டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
அந்த வரியைச் சார் இரண்டு தடவை படித்தார்.
வில்லங்கச் சான்று படிக்கிற மாதிரி.
"இல்லைன்னே போட்டுட்டானேம்மா."

இந்த மேஜையில் பதினோரு வருஷம்.
இல்லை என்பதில் எத்தனையோ இல்லை.
கரண்ட் போகாத இல்லை, கேபிள் தளர்ந்த இல்லை,
தட்டுகிறவனுக்குச் சரியான கதவு தெரியாத இல்லை.

பயாஸ் திறந்தேன்.
மூலையில் தேதி:
ஜனவரி ஒன்று, 2009.

செல் செத்திருக்கிறது.
ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு செல்.
அது போனதும் போர்டு கற்றதையெல்லாம் மறந்து
தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்குத் திரும்பி,
ஒண்டியாக இருக்கிற டிஸ்க்கை
கூட்டுக்குடும்பம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தது.
ரெய்டு என்று இருந்ததை மாற்றினேன்.
ஒரே ஒரு வரி.
புதுச் செல், முப்பது ரூபாய்.

வட்டப் புள்ளிகள் சுற்றின.
சாருடைய திருத்தணிக் கோபுரம் வந்தது,
அதன் மேலெல்லாம் ஃபைல்கள்:
கடைசி,
கடைசி இரண்டு,
கடைசி மூத்தவர் சொன்னது,
கடைசி இதுதான்.

அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
அந்தப் பையன் கண்ணில் டிஸ்க் பட்டிருந்தால்
டிலீட், நியூ, நெக்ஸ்ட்.
மூன்று சொடுக்கு.
நாலு பங்கும் கிணறும் தரைமட்டம்.
தெரியாமல் போனதால் பிழைத்தது.

வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி ஓட ஓட
சார் ஃபைலைத் திறந்து
ஒற்றை விரலால் நகர்த்தி வாசித்தார்.
கிழமேலடி இருபத்திரண்டு, தென்வடலடி நாற்பத்தொன்று,
மாடிப்படியும் கிணறும் நால்வருக்கும் பொது.
பொது என்ற இடத்தில் நிறுத்தி
"இதுக்குத்தான் ஆறு வருஷம்" என்றார்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போனார்.
நான் அவசரத்தில் தேதியை மாற்ற மறந்திருந்தேன்.
தானாக விழும் தேதி தானாக விழுந்திருந்தது.
2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியில்
எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம்.

நான் மவுஸுக்குக் கை நீட்டினேன்.
"இரும்மா."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப அவங்கப்பா உயிரோட இருந்தாரு.
பிரிக்க எதுவும் இல்லை."

பிறகு அவரே
ஒற்றை விரலால்
இன்றைய தேதியை அடித்தார்.