நாலாம் தரம்

பன்றிப் போட்டி ஆகஸ்டில்தான்.
ஜூனில் அந்தக் கொட்டகை எங்களுக்கு,
நாள் வாடகை அறுபது டாலர்.
வாசலில் தராசு. உள்ளே
கம்பிவலை அடித்த நீள மேசை.
ஓரத்தில் நான்,
பேரேடும் பென்சிலுமாக.

மூட்டைகள் வருகின்றன,
பிக்கப் வண்டிகளில், குதிரை டிரெய்லரில்.
ஏழு வருஷ ரோமம், சிலருடையது,
கராஜில் கிடந்தது
பனிக்கால டயர்களுக்கும்
கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்கும் நடுவே.
எறிய மனமில்லை, வாங்க ஆளில்லை.

அன்றெல்லாம் விலங்கேதான் சரக்கு.
குட்டியை விற்றோம்;
வாங்கியவர் அதன் குட்டியை விற்றார்;
அவரிடம் வாங்கியவர்
இன்னொருவரைத் தேடிக்கொண்டிருந்தபோது
ஒஹாயோவில் ஆள் தீர்ந்துவிட்டார்கள்.
அதுவரை ஒருவரும்
ஒரு ஜோடி காலுறை பின்னிப் பார்க்கவில்லை.

டாரல் ப்ரூயிட் இறக்கிய முதல் மூட்டை
எம்பரருடையது.
இருபத்தெட்டாயிரம் டாலர் கடா.
நீல ரிப்பன் ஏழு, ஊதா ஒன்று.
அதற்காக வீட்டின்மேல் இரண்டாம் கடன்.
எனக்குத் தெரியும். அப்போது வங்கியில் இருந்தேன்.
கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில்
பென்சிலால் பெருக்கல் குறி இட்டுத் தந்தவன் நான்.

ஒடெஸா கிம்ப்ரோ தரம் பிரிக்கிறாள்.
ஒரு கொத்தை உருவி
காதோரம் வைத்துச் சுண்டுகிறாள்,
அறுந்தால் சத்தம் வேறு.
பிறகு கன்னத்தில்.
"நாலு" என்றாள்.
டாரல் அசையவில்லை.
"வயசாகிவிட்டது, முரடு தட்டிவிட்டது.
காலணி அட்டைக்குள் வைத்துத் தைக்கலாம்."

அடுத்த மூட்டை டர்னிப்.
கோணல் பல், காயடித்தது,
துணைக்கு இருக்கட்டுமென்று யாரோ சும்மா தந்தது.
கன்னத்தில் வைத்த கையை
ஒடெஸா உடனே எடுக்கவில்லை.
"ஒன்று."
"திரும்பப் பாருங்கள்" என்றார் டாரல்.
எந்த மூட்டையை என்று சொல்லவில்லை.
இரண்டையும் பார்த்தாள்.
நாலு. ஒன்று.
எழுதிக்கொண்டேன்.

அதற்கு இனிக் குட்டி கிடையாது.
கொட்டகையில் எல்லாருக்கும் அது தெரியும்.
வெகுநேரம் கழித்து டாரல்தான் சொன்னார்:
"தாய் இருக்கிறது. பழுப்பு நிறம்.
ரிப்பன் இல்லாததால்
இரண்டு வருஷமாகச் சேர்க்கை வைக்கவில்லை."

கணக்கு இதுதான்.
ஒரே நிறம், ஒரே தரம், நூறு பவுண்டு.
குறைந்தால் ஆலைக்காரர் இயந்திரம் ஓட்டமாட்டார்.
ஒரு வீட்டில் ஒன்பது விலங்கு,
வெள்ளையில் ஆறு பவுண்டு, கருப்பில் நாலு,
அதில் வைக்கோலும் முள்விதையும் கால்வாசி.
இருபத்துமூன்று வீடு சேர்ந்தால் ஒரு பொதி.
பொதி என்றால்
ஆலைக்காரர் போனை எடுப்பார் என்று அர்த்தம்.

மதியம், சாண்ட்விச் பிரிக்கும்போது
லோவெல் ஸ்டோல்ட்ஸ் ஆரம்பித்தார்:
பெருவிலிருந்து நூல் வாங்கினால் பாதி விலை,
மேலே நம் பண்ணைப் படம் ஒட்டினால் போதுமே.
ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.
அவர் மனைவி மட்டும் அவர் தட்டிலிருந்து
ஊறுகாயை எடுத்துத் தின்றாள்.
கைதூக்கச் சொன்னேன்.
லோவெலும் நம் ரோமத்துக்கே தூக்கினார்,
பாதி உயரத்துக்கு.

டாரலுக்கு எழுதிய காசோலை
நாற்பத்தொரு டாலர் பத்து சென்ட்.
ஒரு மாத வைக்கோல் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

ஜனவரியில் சங்கச் சந்தா புதுப்பிக்க வந்தார்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
பூட்ஸுக்குள் எங்கள் முதல் உற்பத்தி,
நாலாம் தரம், அழுத்தி அடித்தது.
"சூடாக இருக்கிறதா?"
"இருபத்தெட்டாயிரத்துக்கு
இருக்கத்தானே வேண்டும்."

படிவத்தை நீட்டினேன்.
இம்முறை குறி எதுவும் இடவில்லை.
முதல் வரியிலிருந்து வாசித்தார்,
உதடு அசைய.
பூட்ஸிலிருந்து பனி உருகி
மேசைக்கடியில் ஓடி
என் காலை நனைத்தது.
இன்னும் இரண்டாம் பக்கம் இருந்தது.