வரிப்பட்டியலில் இல்லாத அணில்

வெள்ளிக்கிழமை நான்கரைக்கு
நூலகப் பெட்டகத்தில் மடிக்கணினியைப் பூட்டிவிட்டு
சாவியைத் துவோமோவிடம் கொடுத்துவிடுவேன்.
திங்கள்வரை தரமாட்டான்.
அதுதான் ஒப்பந்தம்,
ஜனவரி முழுவதற்கும்.

நான் எழுதிக்கொண்டிருப்பது
முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கு:
எந்தப் பண்ணை, எத்தனை அணில்தோல்,
யார் கட்டினார், யார் தவணை கேட்டார்.
நான்கு ஆண்டுகள்.
பதினோராயிரத்து இருநூற்று ஆறு தோல்கள்.
நெறியாளர் ஹக்காலா
'நன்று, ஆனால்' என்று தொடங்கும் கடிதங்களை
இரவு பதினொன்றுக்குத்தான் அனுப்புவார்.
அந்த 'ஆனால்'
என் தலையணைக்கடியில் கிடக்கும்
விடியும்வரை.
விடிவதோ ஔலுவில் பத்து மணிக்கு.

துவோமோ இதே துறையில் மூன்றாம் ஆண்டில் நிறுத்தியவன்.
இப்போது நகராட்சிக்குப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்டதில்லை,
ஏன் நிறுத்தவில்லை என்று அவனும்.
ஐலாவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை.
அவள் கணக்கில் நாங்கள் இருவருமே
படித்துக் கெட்டவர்கள்.

பேருந்து எங்களை உதிர்த்துவிட்டுப் போன இடத்தில்
பைன் மரங்களுக்கு நடுவே ஒரு தபால்பெட்டி மட்டும்.
சறுக்குக்கட்டைகளை மாட்டினோம்.
முதல் ஒரு மணிநேரம்
என் காலடியில் அடிக்குறிப்பு எண்கள்:
இடது நாற்பத்தொன்று, வலது நாற்பத்திரண்டு,
மேற்படி, மேற்படி, மேற்படி.
பிறகு மேடு வந்தது. மூச்சுக்கு மட்டுமே இடம்.
எண்கள் எங்கே விழுந்தன என்று
திரும்பிப் பார்க்கவில்லை.
மூக்கு மயிர் உறைந்து குத்தியது.
கைபேசி அறுபது விழுக்காட்டில் செத்தது.
ஐலா அதற்கு இரங்கல் கூட்டம் நடத்தினாள்.
இரண்டு நிமிட மௌனத்தை
காப்பி ஆறுமுன் முடித்துக்கொண்டோம்.

குடிலுக்குப் பூட்டு இல்லை.
முன்பு வந்த யாரோ
அடுப்பருகே சிறாய் சீவி வைத்திருந்தார்.
அடுத்து வருபவருக்கு நாங்கள் வைப்போம்.
முகம் தெரியாத இந்தக் கடன்
எந்த ஏட்டிலும் ஏறாது.

இரவில் ஏரி சொடக்கு எடுத்தது,
கரையிலிருந்து கரைவரை, ஒவ்வொரு விரலாக.
நான் எழுந்து உட்கார்ந்தேன்.
'தடிக்கிறது, தூங்கு' என்றான் துவோமோ.
உடைவதற்கும் தடிப்பதற்கும் ஒரே ஓசை என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை, பத்தே கால்.
படியில் ரை ரொட்டியின் விளிம்பு கிடந்தது.
அதை எடுக்க வந்தது:
சாம்பல்நிறக் குளிர்கால உடம்பு,
காதில் மட்டும் செம்மயிர்க் குஞ்சம்.
நான் பார்த்த முதல் உயிருள்ள அணில் என்றால் பொய்.
பல்கலைக்கழக வாசலிலேயே ஓடும்.
ஆனால் தோலுக்குள் யாரோ இருப்பதைப் பார்த்தது
அன்றுதான்.
விலா தையல் இயந்திரம்போல் ஓடியது.
ரொட்டியைத் திருப்பித் திருப்பி
தோதான முனை கிடைத்ததும்
மரத்தின் மறுபக்கம் போய்விட்டது,
யாருக்கும் எதுவும் கட்டாமல்.

'எத்தனை?' என்றாள் ஐலா உள்ளிருந்து.
முட்டையைக் கேட்டாள்.
எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
'இரண்டு' என்றேன் கொஞ்சம் கழித்து.

திங்கள் காலை துவோமோ சாவியை நீட்டினான்.
குதிகாலில் கொப்புளம், கோட்டில் புகை வாசனை.
ஹக்காலாவின் கடிதம் காத்திருந்தது: நன்று, ஆனால்.
வாசித்தேன். அவர் சொல்வதில் பாதி சரிதான்.
ஏழாம் அட்டவணையைத் திறந்து
பதினோராயிரத்து இருநூற்று ஆறின்மேல்
விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம்
எதையும் கூட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே பனி அள்ளும் வண்டி போயிற்று.
ஹாரன், ஒருமுறை.