இருபதாவது வளைவு

சேலம் ஜங்ஷனில் ஏற்றும்போதே பை கனத்தது.
"துப்பாக்கியா என்னண்ணே?" என்றான் போர்ட்டர் இருசப்பன்.
அந்தம்மா ஜிப்பை இழுத்துக் காட்டினாள்:
இருபத்தெட்டு கோல்ஃப் மட்டைகள்.
ஒன்றும் என் இடுப்புக்கு எட்டவில்லை.
பெரியவர்களுடையதை அறுத்து
புதுப்பிடி ஒட்டியிருந்தார்கள்,
பசை வாசனை இன்னும் போகாமல்.

பெயர் மோராக் கெடிஸ்.
ஊர் ஸ்காட்லாந்தில் ஒரு கடற்கரை,
அடித்த பந்தைக் காற்று பிடுங்கிக்கொள்ளும் ஊராம்.
ட்ரிப் ஷீட்டில் "மோரக்கா" என்று எழுதினேன்.
என் இங்கிலீஷ்
ஏர்போர்ட் வரை போய்த் திரும்புகிற இங்கிலீஷ்.

அடிவாரத்துக் குரங்குகளை அவள் பார்க்கவில்லை.
மஞ்சள் பலகையைப் பார்த்தாள்,
கொண்டை ஊசி வளைவு ஒன்று.
விரலை மடக்கினாள்.
இரண்டு. மூன்று.
ஒன்பதில் வண்டியை நிறுத்தச் சொல்லி
"பாதி ஆட்டம்" என்றாள்.
மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா தின்று
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே தொழில் கணக்கு வந்தது.
பத்தொன்பது வருஷம்,
இருநூற்றுப் பதினோரு போட்டி,
கோப்பை இல்லை.
"ஒன்றுகூடவா?" என்று கேட்டுவிட்டேன்.
என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் கிள்ளியிருப்பாள்.

பதினெட்டில் பையைத் தட்டி
"முடிந்தது" என்றாள்.
"இல்லைங்க, இன்னும் ரெண்டு இருக்கு."
கண்ணாடியில் அவள் முகம் எங்கோ போனது.

கோல்ஃபுக்குப் பதினெட்டுக் குழி.
இருவர் சமமாக நின்றால்
ஒருவர் விழும்வரை மேலும் ஆட வேண்டும்.
ஒரே ஒரு தடவை அவள் அப்படி நின்றாள், மழையில்.
பத்தொன்பதாவதிலும் சமம்.
இருபதாவதில்
பந்து குழி விளிம்புவரை வந்து நின்றது,
வாசல்வரை வந்துவிட்டு
செருப்பைக் கழற்றாமலே திரும்பிய விருந்தாளி மாதிரி.

இரண்டாம் பரிசுப் பணத்தில்தான்
முதல்முதலாக மட்டைகளை அறுத்தாளாம்,
தன் ஊர்ப் பிள்ளைகளின் கை உயரத்துக்கு.
"ஜெயித்திருந்தால்?"
"வீடு வாங்கியிருப்பேன்," என்றாள், யோசிக்காமல்.

இருபதாவது வளைவில் நான் ஹாரன் அடிக்க மறந்தேன்.
எதிரே மிளகு லாரி.
அவன் திட்டியது நல்லவேளை தமிழில்.

ஏற்காடு தாண்டி, காப்பித் தோட்டத்துக்கு மேலே பள்ளி.
மைதானம் என்பது ஒரு சரிவு, நாலு சில்வர் ஓக்.
பால்பவுடர் டப்பாவைப் புதைத்துக் குழி செய்திருந்தார்கள்.
பிள்ளைகள் காப்பிக் கிளையில் மட்டை வெட்டி
மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தார்களாம்.

அவள் டப்பாவைக் குறிபார்த்து அடித்தாள்.
பந்து டப்பாவைத் தாண்டி
சுவரைத் தாண்டி
தோட்டத்துக்குள் போயிற்று.
மறுபடி. மறுபடியும்.
ஆறாம் வகுப்பு காவேரி
டப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று
மேட்டைப் பார்த்துத் தட்டினாள்.
பந்து ஏறி, தயங்கி, திரும்பி, உருண்டு
டங் என்றது.
மோராக் வெள்ளைச் சட்டையோடு புல்லில் குப்புறப் படுத்து
அந்தச் சரிவை ஒருகண் மூடிப் பார்த்தாள்.

"எத்தனை கப்பு ஜெயிச்சீங்க?"
மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.
தமிழில் எந்த எண்ணையும் சொல்லியிருக்கலாம்.
அதற்குள் அவளே புரிந்துகொண்டு
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் காட்டினாள்.
"நானும் அதேதான்," என்றாள் காவேரி,
டப்பாவிலிருந்து பந்தை எடுத்தபடி.

இறங்கும்போது பலகைகள் தலைகீழ்.
இருபது. பத்தொன்பது.
அந்த இரண்டும் முதலிலேயே தீர்ந்துவிட்டன.
பதினெட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு
அவள் தூங்கிப்போனாள்.

நேற்று ஓமலூர்க் குடும்பம் ஒன்றை மலைக்கு ஏற்றினேன்.
சீட்டுக்கு அடியில் ஏதோ
வளைவுக்கு வளைவு இடமும் வலமும் உருண்டது.
"என்னங்க சத்தம்?"
தேடிப் பார்த்தேன், கிடைக்கலைங்க என்றேன்.
தேடவில்லை.